எண்பத்திரண்டரை கிலோ

நவம்பர் 11, திங்கள்

ஜன்னல்களைத் திறந்து ஒன்பது நாள் ஆகிறது. டெல்லிக் காற்றின் மாசு நானூறைத் தாண்டிவிட்டது என்று போன் சொல்கிறது. போன் சொல்லாவிட்டாலும் தொண்டை சொல்லிவிடும். சாயங்காலம் கோல் மார்க்கெட்டில் இறங்கி நடந்தபோது எதிரே வந்த பஸ்ஸின் நம்பர் பக்கத்தில் வரும்வரை தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பார்த்தது இவருடைய தண்ணீர் பாட்டிலைத்தான். காலையில் நான் நிரப்பி வைத்தது. கழுத்து வரைக்கும்தான் இறங்கியிருந்தது. கேட்டேன். "குளிருக்கு தாகமே எடுக்கல அரசி" என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே.

நவம்பர் நடுவில்கூட வரவில்லை, அதற்குள் என்ன குளிர்?

அது நடந்து பதினெட்டு நாள். எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். எழுதாமல் இருந்தால் மட்டும் மறக்கிறதா?

அக்டோபர் 24, வியாழன், காலை ஏழேகால். குளித்துவிட்டு ஸ்டூலில் இருந்து எழுந்தவர் வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. ஆனால் எழ முடியவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடத்தில் இடது கையும் காலும் கொஞ்சம்தான் தேறியிருக்கின்றன. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கினேன். ஈர உடம்பு, எங்கே பிடித்தாலும் நழுவியது. நாற்பது நிமிடம். கடைசியில் பால்கனிக்கு ஓடிப்போய், கீழே வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் சேட்டுவைக் கூப்பிட்டேன். அவரும் காலனி காவலாளியும் மாடி ஏறி வந்தார்கள். இவர்மேல் ஒரு துண்டு போட்டிருந்தேன். தூக்கும்போது அது விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து இவர் பால்கனிப் பக்கம் போவதில்லை. பிசியோதெரபிக்கு வரும் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் எப்போதும் கேட்கும் இரண்டாவது டம்ளர் காபியைக் கேட்பதில்லை. பகலில் துணைக்கு இருக்கும் பவுனு சொல்கிறாள், "நான் இருக்கிற வரைக்கும் சார் பாத்ரூம் பக்கமே போறதில்லக்கா." பத்து மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. டெல்லியிலேயே படித்த மகள் ஷ்ரேயா லீவுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினாலும் ஒரு வரி படிக்க முடியாது.

நவம்பர் 12, செவ்வாய்

இவர் எடை 71. நான் 1997 மாநிலப் போட்டியில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியது 82.5. வெட்கமாக இல்லையா உனக்கு?

நவம்பர் 14, வியாழன்

பீரோவுக்கு அடியிலிருந்து பழைய பயிற்சி நோட்டை எடுத்தேன். வேலூர் சத்துவாச்சாரி. ஐம்பத்து நாலு கிலோ பிரிவு. ஒவ்வொரு நாளும் தூக்கியதும், எத்தனை தடவை என்பதும், என்னுடைய அப்போதைய குண்டு எழுத்தில். அந்தச் சான்றிதழால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டெல்லியில் இந்த வேலை. முதல் மூன்று வருடம் இலாகா சார்பில் தூக்கினேன். 2001-ல் நிறுத்தினேன். கல்யாணம், ஷ்ரேயா, வீடு. இருபத்து மூன்று வருடமாக நான் தூக்கிய பெரிய எடை காஸ் சிலிண்டர். அதையும் உருட்டித்தான் கொண்டுபோகிறேன்.

காலை ஐந்தரைக்கு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பத்துக் கிலோ ஆட்டா மூட்டையோடு தொடங்கினேன். தூக்குவதற்கு முன்பு கை தானாகப் போய் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அங்கே பயிற்சிக்கூடத்தில் எடை மாட்டிய இரும்புப் பாரை எல்லோரும் அப்படித்தான் தொடுவோம். கோதுமை மாவைக் கும்பிட்டதை யாரும் பார்க்கவில்லை.

ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தேன். முழங்காலில் நெறுக் நெறுக் என்று சத்தம். இவரிடம் சொல்லவில்லை. எதற்காகச் செய்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? நீங்க மறுபடி விழுவீங்க, அதுக்காகன்னா?

நவம்பர் 17, ஞாயிறு

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கோணலாக வருகிறது. வரட்டும்.

குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாய்களை வெளியே எடுக்க வேண்டிய நாள். கட்டிலடியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் நாலு ரஜாய், இன்னும் என்னென்னவோ. நாற்பது கிலோ இருக்கும். நாற்பது. நோட்டைப் பார்த்திருந்தேனே - நாற்பதெல்லாம் எனக்கு உடம்பைச் சூடாக்கும் எடை. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்திருக்கலாம். எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள். நான் பெட்டியை இழுத்து நடுவில் போட்டு, இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்து, மூச்சை அடக்கி, முதுகை நிமிர்த்தி...

மனசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதுகுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

பெட்டி முழங்கால் வரை வந்தது. அப்புறம் இடுப்பில் ஒரு பிடிப்பு. அப்படியே தரையில் சாய்ந்தேன். எழ முடியவில்லை, புரளவும் முடியவில்லை. சத்தம் கேட்டு இவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்து நின்றார். கை கொடுக்கக் குனிந்தால் இவரும் விழுவார். இருவருக்கும் அது தெரியும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"எதுக்குடி தூக்கினே?"

"ரஜாய் எடுக்க."

"ரஜாய் எடுக்கவா, மெடல் எடுக்கவா?"

கொஞ்ச நேரம் கழித்து, "சேட்டுவைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

சிரித்தேன். இடுப்பில் குத்தியது. இவரும் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் தடவை. அடுத்த நிமிடம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சேட்டுவின் பெயரை வாயால் சொன்னதே அவருக்குத் தாங்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து நானாகவே தவழ்ந்து கட்டிலைப் பிடித்து எழுந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். முதுகு என்றால் செக்‌ஷனில் சிரிப்பார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டா மேடத்துக்கு முதுகுவலி என்று.

புனேயிலிருந்து ஷ்ரேயா. பவுனு உளறியிருக்கிறாள். "மா, திஸ் இஸ் டூ மச் யார். அப்பா ஒன் மோர் டைம் விழுந்தா, நான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடுவேன். பக்கா. அப்பாவுக்கு இங்க நல்ல ஹோம் இருக்கு, நர்ஸ் எல்லாம் இருக்கு."

ஹோம். இருபத்திரண்டு வயதுப் பெண் பயத்தில் பேசுகிறது. திட்டவும் முடியவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை. எனக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. நான் இங்கே, இவர் அங்கே என்றுதானே அதற்கு அர்த்தம்?

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் கேட்டாரா? கேட்டிருப்பார்.

நவம்பர் 20, புதன்

இந்துஜா வந்தாள். பிசியோதெரபிப் பெண், சேலம், முனிர்காவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். இவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான்தான் கூப்பிட்டேன், எனக்காக என்று. இவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெடல் கதையையும். அவள் அதற்கு மயங்கவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து எந்திரிங்க. எத்தனை முடியுதுன்னு பாப்போம்."

ஆறு. ஏழாவதில் கை மேசையைப் பிடித்துவிட்டது.

"அச்சா. இங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஆட்டா மூட்டை எல்லாம் அப்புறம்."

பலம் வரப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றாள். பன்னிரண்டு வாரத்துக்குள் இவர் விழமாட்டார் என்று யார் எழுதிக் கொடுப்பது? கேட்டேன். போகும்போது வாசலில் நின்று, "அங்கிளை நீங்க தூக்கவே கூடாது ஆன்ட்டி. அவரா எந்திரிக்கணும், நீங்க கூட இருக்கணும். அதுக்கு ரெண்டு பேருமே தரையில பழகணும்" என்றாள்.

சின்னப் பெண். நாற்பது நிமிடம் அந்த ஈரத்தரையில் அவள் இருக்கவில்லை. தூக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். தூக்க முடியவில்லை, அதுதானே பிரச்சினை?

நவம்பர் 24, ஞாயிறு

நாற்காலி: எட்டு. பாட்டில் இன்று முழுக்கக் காலி. நல்ல நாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

நாற்காலி பதினைந்து, மூன்று முறை. இந்துஜா இனி கையில் எடை பிடிக்கலாம் என்றாள். ஒற்றைக் கைப்பிடி உள்ள ஏதாவது, ஆறேழு கிலோ. கடைக்குப் போக யோசித்துக்கொண்டே சேலைகளை வாங்கக் கீழே இறங்கினேன். சேட்டுவின் மேசைக்கு அடியில் பழைய கரி இஸ்திரிப் பெட்டி கிடந்தது. மூடி உடைந்தது. தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ, பக்கா.

"இத எதுக்கும்மா கேக்குறீங்க? இது சூடே புடிக்காது."

"எக்சர்சைசுக்கு."

அவர் அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அப்புறம் மடித்த சேலையை மறுபடி மடித்துக்கொண்டே, "சாரு இன்னாத்துக்கும்மா வெளிய வர்றதே இல்ல? தெனமும் மேலருந்து ஒரு கைய காட்டுவாரு" என்றார்.

பர்ஸைத் திறந்து காசைத் தேடினேன்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் பாக்கலம்மா. கண்ண மூடிக்கினேன். தூக்குற வரைக்கும் தொறக்கவே இல்ல. கால்ல ஸ்டூலு இடிச்சிச்சி, அப்பகூட தொறக்கல. சார்கிட்ட நீங்க சொல்லுங்கோ."

திண்டிவனத்திலிருந்து டெல்லிக்கு வந்து முப்பது வருடம் மற்றவர்கள் துணியை மடிக்கிற மனிதர். படியேறும்போது அழுகை வந்துவிட்டது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாளைப் பேச வேண்டும். நான் கோழைதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

எனக்கு இன்னிக்கு வந்த கோபம் அடங்கவே இல்ல.

ஹாலில் இருக்கும் மணி பிளான்ட் பத்து நாளாகவே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன். இன்று தொட்டியை நகர்த்தினேன். அடியில் சேறு, நாற்றம், வேர் அழுகல். தொட்டி இருப்பது இவர் நாற்காலிக்குப் பக்கத்தில். தண்ணீர் பாட்டில் இருப்பதும் அங்கேதான்.

இரண்டு வாரமாக பாட்டில் காலி, காலி என்று சந்தோஷப்பட்டேனே. முட்டாள். முட்டாள்.

கத்திவிட்டேன். "குழந்தையா நீங்க? கிட்னி போனா யாரு பாப்பாங்க? நான் ஆபீசுக்குப் போகணுமா, உங்க பாட்டிலுக்குக் காவல் இருக்கணுமா?"

அவர் மெதுவாக, ஒவ்வொன்றாக: "குடிச்சா போகணும் அரசி. போனா விழுவேன். விழுந்தா நீ ஆளைக் கூப்பிடணும்."

அவ்வளவுதான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். ஐந்தரை மணி, நாற்காலி, இஸ்திரிப் பெட்டி, எதற்காக. சேட்டு கண்ணை மூடிக்கொண்டதையும். அதைக் கேட்டபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நம்பினாரா தெரியவில்லை. தினமும் ஒன்றரை லிட்டர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்துஜா இவரையும் பார்க்கலாம். தரையில் இறங்கிப் பழகுவதற்கு மட்டும், "அது வேணாம்."

டிசம்பர் 29, ஞாயிறு

இஸ்திரிப் பெட்டியோடு இருபது. வலது, இடது இரண்டு கையிலும் சமமாக வருகிறது. நேற்று காஸ் சிலிண்டரை உருட்டாமல் தூக்கி வைத்தேன். பவுனு வாயைப் பிளந்தாள்.

ஆனாலும் இவர் பாத்ரூமுக்குள் இருக்கும்போது நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். காதை வைத்துக்கொண்டு. தண்ணீர் விழும் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கிறது. பலம் வந்தால் பயம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அரை நாள் லீவு. இரண்டாவது டம்ளர் காபி வேண்டுமா என்று நானே கேட்டேன். போதும் என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

இந்துஜா மூன்று வாரம் கெஞ்சி இவரை ஒப்புக்கொள்ள வைத்தாள். ஹாலில் இரண்டு ரஜாயை விரித்தோம். இவரைத் தரையில் இறக்கினோம். திட்டம் இதுதான்: வலது பக்கம் ஒருக்களித்து, முட்டி போட்டு, நாற்காலியில் வலது கையை ஊன்றி, வலது காலை முன்னால் வைத்து எழ வேண்டும். நான் பின்னால் இருந்து சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முட்டி போட்டவர் நடுவில் ஆடினார். அவ்வளவுதான். எனக்கு அந்தப் பாத்ரூம் கண்முன் வந்துவிட்டது. என் கை என்னைக் கேட்கவில்லை. குனிந்து, பிடித்து, ஒரே இழுப்பு. பாரை இழுக்கிற இழுப்பு. பிடித்தது இடது கையை.

இவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் அப்படிக் கத்தியதில்லை.

"ஆன்ட்டி, விடுங்க, விடுங்க" என்று இந்துஜா என் விரல்களைப் பிரித்தாள். தோள்பட்டை இறங்கவில்லை, தசையில்தான் அடி என்றாள். பலமில்லாத பக்கத்துத் தோளை இழுக்கவே கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்தும்.

இரண்டு மாதமாக நான் சேர்த்த பலத்தை யார்மேல் காட்டினேன்?

ஜனவரி 20, திங்கள்

இஸ்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

தோள்வலி குறைந்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம் இருவேளை. ஒத்தடம் கொடுக்கும்போது துணியை மட்டும்தான் பார்க்கிறேன்.

இன்று காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்து சும்மா படுத்திருந்தேன். பக்கத்திலிருந்து இவர் குரல்.

"ஒன்பது நாளா சத்தமே இல்லையே."

"என்ன சத்தம்?"

"பொட்டியைக் கீழே வைப்பியே, டொக்குன்னு. இருபது டொக்கு. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்." கொஞ்சம் விட்டு, "ஒரு நாள் பதினெட்டோட நிறுத்திட்டே. ஏன்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அன்று பால்காரன் மணி அடித்தான். சொன்னேன். கட்டிலடியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இருபது வைத்தேன். உள்ளே இவர் எண்ணுகிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

பூகம்பம். காலை 5:36.

பன்னிரண்டாவது தடவை தூக்கும்போது தரை உறுமியது. லாரி போகிறது என்று நினைத்தேன். அப்புறம் பால்கனிக் கதவு தானாகப் படபடவென்று அடித்தது. பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மாடிப்படியில் தடதடவென்று எல்லோரும் இறங்குகிறார்கள். "நீச்சே ஆவோ, ஜல்தி" என்று சீக்கிரம் கீழே வரச்சொல்லி யாரோ கத்துகிறார்கள். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. கீழ்வீடு கேட்டுப் போட்ட மனு ஒரு வருடமாக ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது.

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வெள்ளையாக. "நீ போ" என்றார்.

"சும்மா இருங்க."

"அரசி, போடி. ஷ்ரேயாவுக்கு ஒருத்தராவது வேணும்."

பக்கத்தில் உட்கார்ந்து இவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மூன்று மாதமாக இதற்குத்தானே? அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. எல்லாமே சில விநாடிதான். கீழே ஒரே பேச்சுச் சத்தம். அதற்கு நடுவே சேட்டுவின் குரல், மேல் நோக்கி: "சார், ஒண்ணும் இல்லியே சார்?"

இவர் பதில் சொல்லவில்லை. ஆனால் வெகுநேரம் என் கையை விடவில்லை.

அலுவலகம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், சொன்னார்: "அந்தப் பொண்ணை ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. தரையில இறங்கிப் பாக்கறேன்."

"தோளு?"

"தோளை நீ தொடாதே. அவ்வளவுதான்."

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையிலிருந்து போட்டி நாள் மாதிரி. அன்றைக்கெல்லாம் தோற்றால் மெடல் மட்டும்தான் போகும்.

என் பயம் கை. பிடிக்க வேறு இடம் இல்லாவிட்டால் மறுபடி தோளுக்குத்தான் போகும். ஆள் உடம்பில் பாருக்கு இருப்பது மாதிரி பிடி ஏது? இந்துஜாவிடம் சொன்னேன். இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடிக்கலாம், அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த இரும்புப் பெட்டியின் அடியில் என் பழைய லிஃப்டிங் பெல்ட். நாலு விரல் அகலத் தோல், இரட்டைக் கொக்கி. வெடித்துப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தேன். இவர் சட்டைக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் கட்டினோம். நான் இருபது வயதில் போட்ட ஓட்டையைவிட மூன்று ஓட்டை தள்ளி.

இறங்கினார். நான் பின்னால் முட்டி போட்டேன். கை தானாகப் போய் பெல்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னைக் கும்பிடறியா, தோலைக் கும்பிடறியா?"

"பேசாம எழுந்திருங்க."

ஒருக்களித்தார். முட்டி. நாற்காலி. நின்றுவிட்டார். ஆடினார். என் கை பெல்ட்டில் இருந்தது. இழுக்கவில்லை. இழுக்காமல் இருப்பதற்குத்தான் முழுப் பலமும் தேவைப்பட்டது. "நான் இருக்கேன். அவசரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்கா எனக்கா தெரியாது.

பதினொரு நிமிடம். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருவருக்கும் வியர்வை. இந்துஜா கை தட்டினாள். இவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

மார்ச் 2, ஞாயிறு

ஏழு நிமிடம். பெல்ட்டைப் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

அலுவலகத்தில் பாதி நாள் கவனமே இல்லை. போன் அதிர்ந்தால் பவுனுவோ என்று. பழகியது எல்லாம் ரஜாய் மேல், இந்துஜா பக்கத்தில் இருக்க. நிஜத்தில் ஈரம் இருக்கும், இடம் குறுகலாக இருக்கும், இந்துஜா இருக்கமாட்டாள். என் கை மறந்துபோனால்?

சாயங்காலம் நாலு நிமிடம். பவுனுவும் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எனக்கு முன்னால் அவள், "அவசரமே இல்ல சார்" என்கிறாள், அதே ராகத்தில்.

மார்ச் 30, ஞாயிறு

ரஜாய்களை வெயிலில் போட்டுத் தட்டினேன். பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வைத்தேன். எனக்கும் புத்தி வந்திருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில் ஆரம்பித்துவிட்டது. கூலரைத் துடைத்து மாட்டியாயிற்று. அதில் தண்ணீர் ஊறும் புல் பேட்டை மாற்ற ஆள் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், வரமாட்டான். புது மணி பிளான்ட் இரண்டு இலை விட்டிருக்கிறது. ஷ்ரேயா மே மாதம் பத்து நாள் வருகிறாள், மாம்பழம் வாங்கி வைக்கச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி லேசாகிவிட்டது. இந்துஜா பத்துக் கிலோவுக்குப் போகலாம் என்கிறாள். அலுவலகத்தில் அந்த அவசர ஃபைல் செவ்வாய்க்கிழமை காலை பத்துக்குள் மேலே போக வேண்டும், அதை மறக்கக்கூடாது.

நோட்டை மூடப் போனேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு இவர் பாத்ரூமில் விழுந்தார். கழுவிய தரை, செருப்பு வழுக்கியது. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டுப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அடி இல்ல. நாற்காலி கொண்டா" என்றார். நாற்காலி கொண்டு போனேன். துண்டைச் சுற்றி பெல்ட்டைக் கட்டினேன். ஒருக்களித்து, முட்டி போட்டு, கையை ஊன்றி. ஒரு தடவை கால் சறுக்கியது, பிடித்திருந்தேன். மறுபடி முதலிலிருந்து.

நடுவில் கீழேயிருந்து சேட்டு. சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது போல. "இன்னா சத்தம்மா? வரட்டுமா?"

நான் வாய் திறக்கும் முன்பு இவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "வேணாம் சேட்டு. எழுந்துட்டோம்."

எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

உடை மாற்றிக்கொண்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரை நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் இருக்கா?"

போட்டுக் கொடுத்தேன்.